ட்ரை ஹாப்பிங்கிற்கென விற்ற ஹாப்ஸ் கெட்டிருந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹாப்ஸ் பொட்டலங்களின் தரக்குறைவும் கையேட்டில் உள்ள ஆபத்தான குறிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ட்ரை ஹாப்பிங்கிற்காக, அதாவது வீட்டில் தயாரிக்கும் பீரில் நொதித்தல் முடிந்தபின் சேர்ப்பதற்காக, தங்கள் நிறுவனத்திடம் காஸ்கேட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) பெல்லட்டுகள், அதாவது பொடித்து அழுத்திய சிறு உருளைகள், 100 கிராம் பொட்டலங்கள் இரண்டு வாங்கினேன். இரண்டுமே பயன்படுத்தத் தகாத நிலையில் வந்து சேர்ந்தன. தொலைபேசியில் முறையிட்டபோது, காலாவதித் தேதி இன்னும் வரவில்லை என்ற ஒரே பதிலைச் சொல்லித் தங்கள் ஊழியர் பேச்சை முடித்துக்கொண்டார். அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலாததால் எழுத்தில் முறையிடுகிறேன்.

காற்று நீக்கி அடைத்தது என்று உறையில் அச்சிட்டிருந்தும், முதல் பொட்டலம் இறுக்கம் தளர்ந்து, தொட்டாலே உள்ளே பெல்லட்டுகள் நகரும் நிலையில் இருந்தது. திறந்து பார்த்தால் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறியிருந்தது. காஸ்கேட்டுக்கே உரிய கிரேப்ஃப்ரூட் மணமும் பூமணமும் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பாலாடைக்கட்டியின் நெடி அடித்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் காற்றுபட்டுச் சிதையும்போது உண்டாகும் ஐசோவேலரிக் அமிலத்தின் நெடி அது. இரண்டாவது பொட்டலத்தின் ஓரத்தில் ஒட்டு விட்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

கசப்புக்காக, கொதிக்கும் வோர்ட்டில் (நொதிக்கும் முன் உள்ள இனிப்பான தானியச் சாறு) போடும் ஹாப்ஸ் சற்றுப் பழையதாக இருந்தாலும், ஒரு மணி நேரக் கொதிப்பில் வேண்டாத வாசனையில் ஒரு பகுதியாவது ஆவியோடு போய்விடும். ட்ரை ஹாப்பிங்கில் கொதிப்பே கிடையாது. மிர்சீன், லினலூல் போன்ற மணப்பொருட்களை ஆவியாகிப் போகவிடாமல் பீரில் சேர்ப்பதற்காகவே இப்படிச் செய்கிறோம்; ஆகவே நல்ல மணம் எப்படி முழுதாக இறங்குமோ, அப்படியே கெட்ட நெடியும் முழுதாக இறங்கிவிடும். லிட்டருக்கு 5 கிராம் என்ற கணக்கில் 20 லிட்டர் பீருக்கு ஒரு பொட்டலம் முழுவதும் தேவைப்படும். திறந்தவுடன் முகர்ந்து பார்த்ததால் பீர் தப்பியது. ஆனால் வேண்டிய மணம் இல்லாமலேயே அதைப் பாட்டிலில் அடைக்க வேண்டியதாயிற்று. புதிதாகப் பழகும் ஒருவர் இதை அப்படியே கொட்டிவிட்டு, குறை தம் கைப்பக்குவத்தில்தான் என்று எண்ணி வருந்தியிருப்பார். அதுவே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

உறையில் அறுவடை ஆண்டும் இல்லை, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விழுக்காடும் இல்லை. பொட்டலமிட்ட தேதி மட்டும் உள்ளது. ஹாப்ஸ் ஆண்டுக்கு ஒரே அறுவடை காணும் பயிர் என்பதால், பெரிய மூட்டையிலிருந்து சிறு உறைக்கு மாற்றிய நாளை வைத்து அதன் வயதை வாங்குபவர் அறியவே முடியாது. போதாக்குறைக்கு, அறை வெப்பநிலையில் வைத்தால் போதும் என்று தங்கள் கையேடு கூறுகிறது. காற்றுபடாமல் ஃப்ரீசரில் வைக்க வேண்டிய பொருளுக்கு இப்படியா அறிவுரை தருவது?

இதைவிடக் கவலைக்குரியது, ஹாப்ஸ் போட்ட மறுநாளே சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைக்கலாம் என்ற குறிப்பு. ஹாப்ஸிலுள்ள நொதிகள், ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களை (மாவுச்சத்தின் சிறு துண்டுகள்) அது உண்ணக்கூடிய சர்க்கரையாக உடைப்பதால், நின்றுபோன நொதித்தல் மீண்டும் தொடங்கக்கூடும். பிரவுன், மோரிஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893ஆம் ஆண்டிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை குறையக் குறைய இறங்கும் பீரின் அடர்த்தி அளவு மாறாமல் நிலைப்பதற்கு முன் அடைத்தால் அழுத்தம் மிகுந்து கண்ணாடிப் பாட்டில் வெடித்துக் காயம் ஏற்படலாம்.

எனவே இரண்டு பொட்டலங்களுக்கும் உரிய தொகையை முழுமையாகத் திருப்பித் தருமாறும், இதே தொகுப்பு எண்ணுள்ள சரக்கின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். இனி வரும் உறைகளில் அறுவடை ஆண்டையும் ஆல்ஃபா அமில அளவையும் அச்சிட வேண்டும். கையேட்டின் இரு குறிப்புகளையும் திருத்த வேண்டும். இரண்டாவது பொட்டலத்தைத் திறக்காமல் வைத்துள்ளேன். தங்கள் தரப் பிரிவினர் சோதிக்க விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம். தங்கள் பதிலை எழுத்துமூலம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், இரண்டு பொட்டலங்களின் படங்கள்