டைவர்ஸ் பேப்பரும் கட்டாயத் தாலியும்: சீரியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்களுக்கும் அவற்றைத் தயாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். புருஷன் அடிக்கிறான், வீட்டைவிட்டு விரட்டிவிட்டான், பிள்ளைக்குச் செலவுக்குத் தரமாட்டேன் என்கிறான் என்று வருகிற பெண்களுக்கு மனு எழுத உதவுவேன். ஊட்டி நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போவேன். கல்யாணத்தைப் பற்றியும் விவாகரத்தைப் பற்றியும் அவர்கள் சட்டம் என்று நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி உங்கள் தொடர்களில் பார்த்ததுதான். அதனால்தான் வக்கீல்களுக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த டைவர்ஸ் பேப்பர். உங்கள் கதைகளில் ஒரு கவர் வருகிறது. கணவன் அதை மேசைமேல் போட்டு, "கையெழுத்துப் போடு" என்கிறான். அவள் அழுதுகொண்டே போடுகிறாள். அடுத்த வாரமே அவன் வேறொருத்தியோடு மணவறையில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் நீதிமன்றமும் இல்லை, நீதிபதியும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இப்படித்தான் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சாட்சி. விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். அவன் திருப்பூருக்குப் போய் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். பல வருஷம் கழித்து, மகளின் படிப்புச் செலவுக்கு வழி கேட்டு வந்தாள். "நான்தான் அன்னைக்கே டைவர்ஸ் குடுத்துட்டேனே அக்கா, இனி என்ன கேக்க முடியும்?" என்றாள். அவள் டைவர்ஸ் கொடுக்கவே இல்லை. சட்டப்படி அன்றும் அவள்தான் மனைவி. அவனுடைய இரண்டாம் கல்யாணம்தான் செல்லாது. மகளுக்குச் சேர வேண்டியதை அத்தனை வருஷமும் கேட்காமல் விட்டிருக்கிறாள். அந்தப் பத்திரம் போதும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "நாடகத்துல அப்படித்தானே செய்றாங்க" என்றாள்.

உண்மையில் என்ன நடக்கும் என்பதை எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், இருவரும் மனமொத்துப் பிரிய வழிசெய்யும் 13பி பிரிவு 1976இல் சேர்ந்தது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று விடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் "எனக்குச் சம்மதமில்லை" என்று பின்வாங்கலாம். ஒரு கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஆறு மாதத்தில் ஒரு வீட்டில் நடக்கிற பேச்சுவார்த்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை யாரிடம் இருப்பது, பீரோ யாருக்கு, மாமியாருக்கு மாத்திரை வாங்கித் தருவது இனி யார் என்று பேசிப் பேசித் தீர்க்கிறார்கள். வில்லி யாரும் இல்லாமலே நெஞ்சு அடைக்கும்.

நீதிமன்றத்துக்குப் போகாமல் வழக்காறாகப் பிரியும் முறையும் சில சமூகங்களில் உண்டு, சட்டமும் அதை ஏற்கிறது. இந்த மலையே அதற்குச் சாட்சி. தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய வழக்கமே அவர்களுக்குச் சட்டம். தோடர்களில் பெண் கருவுற்ற பிறகு, மரத்தடியில் கணவன் அவள் கையில் சிறு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்குதான் பெரிது. படகர் சமூகத்தில் வரதட்சிணை கேட்பது பழைய வழக்கமே இல்லை. கணவனைப் பிரிந்தவளும் கைம்பெண்ணும் மறுமணம் செய்துகொள்வது நெடுங்காலமாக உண்டு. "வாழாவெட்டி" என்ற வசையை இந்த மலையில் பிறந்த பிள்ளைகள் டிவி பார்த்துத்தான் பேசக் கற்றார்கள் என்பது என் எண்ணம்.

டிவியை நான் வெறுக்கவில்லை. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்தபோது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அந்த வாசலில் கூடுவோம். மூடுபனி இறங்கினால் படமும் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போகாமல் இருக்க வேண்டிக்கொள்வோம். 2006இல் அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கிய பிறகு லயத்தில் எல்லா வீட்டுக்கும் டிவி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு, மகளிர் காவல் நிலையம் என்று ஒன்று இருப்பதே ஒரு தொடரைப் பார்த்துத்தான் தெரியும். தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992இல் வந்துவிட்டது, ஆனால் அதை எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய காட்சி. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் அடித்தபோது, "ஸ்டேஷனுக்குப் போவோம் வா" என்று கையைப் பிடித்து இழுத்தது அம்மாதான். உங்கள் எழுத்தின் பலம் அது.

அந்தப் பலம்தான் இரண்டாவது காட்சியில் என்னைப் பயமுறுத்துகிறது. விருப்பமில்லாத பெண்ணின் கழுத்தில் ஒருவன் திடீரென்று தாலி கட்டிவிடுகிறான். அவளும் அதைக் கழற்றுவதில்லை. ஐம்பது எபிசோடு கழித்து அவனையே நேசிக்கத் தொடங்குகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம், "தாலி கட்டிட்டா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அந்தப் பெண்பிள்ளையின் முகத்தில் இருந்தது பயம்தான், கோபமில்லை.

அவளுக்குச் சொல்லுங்கள். வற்புறுத்திச் செய்த கல்யாணத்தை, அந்த வற்புறுத்தல் நீங்கிய ஓராண்டுக்குள் மனுப் போட்டு ரத்து செய்யலாம். கடத்திக்கொண்டுபோய்க் கட்டாயக் கல்யாணம் செய்வது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் தங்கள் வாயால் "இவரை ஏற்கிறேன்" என்று சொன்னாலே கல்யாணம் என்று அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரும் சொல்ல வேண்டும்.

 

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை உங்கள் நாயகி கையில் டைவர்ஸ் பேப்பர் கொடுக்கப்படும்போது, "இதுல கையெழுத்துப் போட்டா எதுவும் முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று அவளையோ அவள் தோழியையோ சொல்ல வையுங்கள். இரவில் அவளை வெளியே தள்ளும்போது, வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழும் உரிமை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவளுக்கு உண்டு என்று ஒரு பாத்திரமாவது பேசட்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம்; 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்ட உதவிக்கு 15100, ஆபத்தில் உதவிக்கு 181. அடிக்கிற காட்சி ஓடும்போது இந்த இரண்டு எண்களையும் திரையின் அடியில் பெரிதாகப் போடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒரு குரல் அதைப் படிக்கட்டும்.

காட்சி எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டிக்கு வாருங்கள். வாய்தா நாளில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காலை முதல் பஸ்ஸில் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்து நீதிமன்ற வராந்தாவில் காத்திருக்கும் பெண்களோடு உங்களை உட்கார வைக்கிறேன். அவர்கள் உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கிறவர்கள். கதையில் எங்கே தப்பு என்று அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு சட்ட உதவித் தன்னார்வலர்