நோயுள்ள பிள்ளைகளை ஊசி வரிசையிலிருந்து ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி போடுவதில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதாகப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். உண்மைதான், கைக்குழந்தை இருக்கிற வீட்டை எங்கள் ஊர் நர்சம்மா விடவே மாட்டார். நான் எழுதுவது பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பற்றி, அதிலும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தலசீமியா என்கிற பரம்பரை ரத்தச்சோகை, உடம்பின் எதிர்ப்புசக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் என்று வருடக்கணக்கில் மருந்தோடு வளர்கிற பிள்ளைகளைப் பற்றி. ஊசி யாருக்கு ரொம்ப அவசியமோ அவர்களைத்தான் முதலில் ஓரமாக உட்கார வைக்கிறோம்.

என் மகனுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்கிற சிறுநீரக நோய். சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருக்கும், காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கியிருக்கும், ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும், அப்புறம் ஒரு சளி காய்ச்சல் வந்தால் போதும், மறுபடி ஆரம்பித்துவிடும். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளிக்கூடத்திலேயே ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரு ஊசி போடுவார்களே, அதை இரண்டு தடவையும் அவனுக்குப் போடவில்லை. "மாத்திரை சாப்பிடுற பையன், பெரிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பெரிய டாக்டரிடம் போனால், "அது தாராளமா போடலாமே, ஏன் போடலை?" என்று நம்மையே கேட்கிறார். எழுதி வாங்கி வருவதற்குள் முகாம் முடிந்துவிடுகிறது. ஊசி போட வந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் போக்குகிற மாதிரி தெளிவாக ஒரு உத்தரவு அவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஊசியில் உயிருள்ள கிருமியே கிடையாது, சர்க்கரையோ ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ அதற்குத் தடை இல்லை. எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற ஸ்டீராய்டை அதிக அளவில் சாப்பிடும்போது தள்ளிப்போட வேண்டியது தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற ஊசிகளைத்தான். அதுவும் காலத்துக்கும் வேண்டாம் என்று இல்லை, அந்த அளவை நிறுத்தி ஒரு மாதம் போனால் டாக்டரைக் கேட்டுப் போடலாம். இவ்வளவுதான் விஷயம். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை.

சின்னம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி சித்திரையில் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். நல்ல பிள்ளைக்குப் பத்து நாளில் இறங்கிவிடும், ஸ்டீராய்டில் இருக்கிற பிள்ளைக்கு நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மனுக்கு நானும் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டால் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அசைக்ளோவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதற்கு ஊசி இருக்கிறது, இரண்டு தவணை, அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. கூடப் பிறந்ததுகளுக்கும் போட்டால்தான் வீட்டுக்குள் நோய் நுழையாது.

நிமோனியா உண்டாக்குகிற ஒரு கிருமியைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டில் கைக்குழந்தைகளுக்கு இலவசமாக வந்ததே 2021-ல். இன்றைக்குப் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் அதற்கு முன்னால் பிறந்தவர்கள், காசு கொடுத்துப் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. நெஃப்ராட்டிக் பிள்ளைக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும்போது அதே கிருமி அங்கேயே தொற்றிக்கொள்கிறது, மண்ணீரல் எடுத்த தலசீமியா பிள்ளைக்கு ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடுகிறது. ஃப்ளூ ஊசி வருடா வருடம் போட வேண்டும். எல்லாவற்றையும் வெளியில் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆகிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் இதற்குச் செல்லாது.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு பன்னிரண்டு வயதோடு சரி. அப்புறம் பெரியவர்கள் ஓ.பி.யில் போய் உட்கார வேண்டும், அங்கே சர்க்கரை எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்கவே அந்த டாக்டருக்கு நேரம் போதவில்லை, கூட்டம் அப்படி. என் மகனின் நோட்டு ஒரு கை தடிமன் இருக்கிறது, அதில் தடுப்பூசி பற்றி ஒரு வரி கிடையாது.

2025 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி என்று 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள், மனதாரப் பாராட்டுகிறேன். எதிர்ப்புசக்தி குறைந்த பிள்ளைகளுக்கு முடிந்தால் மூன்று தவணை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். லூபஸுக்கு மருந்து சாப்பிடுகிற பெண் பிள்ளையை வகுப்பில் யார் கண்டுபிடித்து அடுத்த தவணைக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

சுகாதாரத் துறைக்கு நான் கேட்பது பெரிய செலவு இல்லை, இந்தப் பிள்ளைகள் ஒரு மாவட்டத்தில் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். சிகிச்சை நோட்டின் முதல் பக்கத்தில் எந்த ஊசி போட்டாகிவிட்டது, எது பாக்கி, எது இப்போது வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், பள்ளி முகாமில் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் போடட்டும். நிமோகாக்கல், ஃப்ளூ, சின்னம்மை மூன்றையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது இவர்களுக்கு இலவசமாக வைக்க வேண்டும். வருகிற ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த உத்தரவு வந்துவிட்டால், அடுத்த முகாமில் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தென்காசி மாவட்டம்