ரெக்கார்டு நோட்டுக்குள் அடங்காத ஒரு சோதனை: உளவியல் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், நீலகிரியில் உளவியல் கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இளங்கலை உளவியல் செய்முறைத் தாளில் ஒரு சோதனையையேனும் மாணவர்கள் தாங்களே தமிழில் உருவாக்கும் மீயூடகப் படைப்பாக (எழுத்து, படம், ஒலி ஆகியவற்றை இணைப்புகளால் கோத்த கணினிப் படைப்பாக)ச் சமர்ப்பிக்க இடமளியுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முல்லர்-லயர் தோற்றமயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சம நீளமுள்ள இரு கோடுகளில் அம்புமுனைகளைத் திருப்பி வரைந்தால் ஒன்று நீண்டதாகத் தோன்றும். ரெக்கார்டு நோட்டில் இது நோக்கம், கருவி, செய்முறை, முடிவு என்று நான்கு தலைப்புகளுக்குள் முடிந்துபோகிறது. பெரும்பாலும் முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்தே எழுதப்படுகிறது. ஆனால் இந்தச் சோதனைக்கும் நம் மலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1901-02 இல் ஆங்கிலேய உளவியலாளரும் மானிடவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இங்கு வந்து தோடர்களிடம் புலனுணர்வுச் சோதனைகள் நடத்தினார். ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் இந்த மயக்கத்துக்குக் குறைவாகவே ஆட்பட்டனர் என்பதை 1905 இல் வெளியிட்டார். நேர்கோடும் செங்கோணமும் நிறைந்த அறைகளில் வளர்வதுதான் இம்மயக்கத்தை வலுப்படுத்துகிறது என்ற கருத்தை 1966 இல் வெளியிட்ட நூலில் ஆய்வாளர் சீகலும் அவருடைய சகாக்களும் விரிவாக ஆராய்ந்தார்கள். அரைப்பீப்பாய் வடிவில் வளைந்த தோடர் வீட்டைக் கண்ணால் கண்ட நம் மாணவர்களுக்கு இதைவிட அருகில் வேறெந்தப் பாடம் இருக்க முடியும்?

என்னிடம் படித்த படுக மாணவி ஒருவர் இதை ட்வைன் என்னும் இலவச மென்பொருளில் செய்துகாட்டினார். முதல் திரையில் இரண்டு கோடுகள் மட்டுமே இருக்கும். எது நீளம் என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் அளவுகோல் தோன்றும். அங்கிருந்து ஒரு வழி ரிவர்ஸிடம் செல்கிறது. இன்னொரு வழியில் அந்த மாணவியின் பாட்டியின் குரல், இரண்டும் ஒன்றுதானே என்று படுக மொழியில் கேட்கிறது. பாட்டி வளர்ந்ததோ நேர்ச்சுவர்கள் கொண்ட ஹட்டி (படுகர் ஊர்) வீட்டில். அப்படியானால் செங்கோண விளக்கம் என்னவாகிறது என்று அந்தத் திரை வினவுகிறது. ஒருவருடைய பதிலை வைத்து எதையும் நிறுவ முடியுமா என்று நான் கேட்டேன். மறுநாள் அந்தக் கேள்வியே தனித் திரையாகி, மாதிரி அளவைப் பற்றிய பக்கத்துக்கு இட்டுச்சென்றது. அவர் மனம் போன பாதை முழுவதும் என் கண்முன் இருந்தது. இருபது பக்க நோட்டு எதிலும் அதை நான் கண்டதில்லை.

இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது அடுத்த திரைக்கு இணைப்பாகிவிடும். முடிந்த படைப்பு ஒரே கோப்பாகக் கிடைக்கும். ஒலியையும் படத்தையும் அதே கோப்புறையில் வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே திறக்கலாம். ஐப்பசி மழையில் நெட்வொர்க் படுத்துவிடும் நம் ஊர்களுக்கு இது சிறிய வசதியன்று.

ஆய்வுக்குப் பயன்படுத்துகையில் ஓர் எல்லையை மதிக்க வேண்டும். எந்தத் திரையிலிருந்து எங்கே சென்றார்கள் என்று பார்க்க இத்தகைய மென்பொருள் போதும். மில்லிவினாடி கணக்கில் எதிர்வினை நேரம் அளக்க இதை நம்பக்கூடாது. நிறப்பெயர் வேறு நிற மையில் இருக்கையில் மையின் நிறத்தைச் சொல்லவைக்கும் ஸ்ட்ரூப் சோதனை போன்றவற்றுக்கு, சோதனைகளுக்கென்றே உள்ள சைக்கோபை, ஜேஎஸ்சைக் ஆகிய மென்பொருள்கள் உகந்தவை, அவையும் இலவசமே. அப்போதும் 60 ஹெர்ட்ஸ் திரை ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

கோப்பைப் பாதுகாப்பதிலும் கவனம் தேவை. 1987 இல் வெளிவந்து, ஆசிரியர்களே பாடங்களை உருவாக்க வழிசெய்த ஹைப்பர்கார்டு என்னும் ஆப்பிள் மென்பொருளின் விற்பனை 2004 இல் நின்றுபோனது. அதை மட்டுமே நம்பிய பாடங்கள் புதிய கணினிகளில் திறக்கவில்லை. என் அனுபவம் இன்னும் எளியது. உலாவிக்குள் ட்வைனைத் திறந்து வேலை செய்தால் படைப்பு அந்த உலாவியிலேயே தங்கும். ஆய்வகக் கணினியில் உலாவித் தரவை ஒரு காலையில் யாரோ அழித்துவிட, மூன்று மாணவர்களின் ஒரு மாத உழைப்பு போயிற்று. அவர்களில் ஒருவர் தினமும் முதல் பேருந்தில் மஞ்சூரிலிருந்து வருபவர். அவர் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, வகுப்பு முடியுமுன் ஒவ்வொருவரும் தம் கோப்பைப் பென்டிரைவில் சேமிக்கிறார்கள்.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பது இவைதான். செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இத்தகைய படைப்புக்கு ஒதுக்குங்கள். தமிழில் செய்வதை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். திரைகளின் எண்ணிக்கையையும் அலங்காரத்தையும் பாராமல், ஒவ்வோர் இணைப்பும் ஏன் இடப்பட்டது என்று மாணவரிடம் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடுங்கள். சிறிய சமூகங்களில் ஒரு குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால், ஒலிப்பதிவுக்கு முன் எழுத்து மூலம் இசைவு பெறுவதைக் கட்டாயமாக்குங்கள். அந்த மாணவியின் கோப்பை, பாட்டியின் இசைவோடு, குழுவின் அடுத்த கூட்டத்தில் திறந்துகாட்ட நேரில் வரக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உளவியல் ஆசிரியை ஒருவர்,
குன்னூர்