செப்டம்பர் போட்டிக்கு வரும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

செப்டம்பரில் என்னோடு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஃபிரெண்ட்ஷிப் ஊருக்கு வந்து, பழைய எல்லைப்புறக் குடியேறிகளின் முறையில் துப்பாக்கி சுடுவதும் தீ மூட்டுவதும் கைக்கோடரி எறிவதுமாக நடக்கும் போட்டியில் நீயும் பெயர் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் பழைய துப்பாக்கிகளுக்கென 1933-இல் தொடங்கிய நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனின் மைதானம் அது. உனக்குக் குறிபார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை; குழலில் வெடிமருந்து கெட்டிப்பதைத்தான் நீ பழக வேண்டும்.

மருந்தை அளவுக்குழாயில் அளந்தே குழலில் போட வேண்டும். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே கொட்டினால், உள்ளே கனன்று கிடக்கும் ஒரு பொறிக்கே கொம்பு முழுவதும் கையில் வெடித்துவிடும். உன் 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல ஈயக் குண்டு சரியாக இருக்கும். மிச்ச இடைவெளியைக் கொழுப்புத் தடவிய பருத்தித் துணி அடைத்துக்கொள்ளும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குழலே பிளக்கலாம் என்பதால், குண்டு முழுதாக இறங்கியதைக் காட்ட, குண்டை உள்ளே தள்ளும் திணிகோலில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்.

சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியின் மருந்து பற்றி, அந்தத் தீ பக்கத் துளை வழியே உள்ளே புகுந்த பிறகே குண்டு கிளம்பும். கண்ணருகே தீ பளிச்சிட்டதும் தலையைத் தூக்குகிறவர்கள்தான் இலக்கைத் தவறவிடுகிறார்கள். வெடிக்காமல் போனாலும், ஒரு நிமிடமாவது குழலை இலக்கின் பக்கமே நீட்டி வைத்திரு.

கோடரி விளிம்பில் சுட்டுக் குண்டைப் பிளந்து இருபுறமுள்ள களிமண் தட்டுகளையும் உடைப்பதைத்தான் எல்லோரும் கூடிநின்று பார்ப்பார்கள். எனக்கென்னவோ கல்லையும் எஃகையும் தட்டித் தீ மூட்டுவதே அதைவிடக் கடினமாகத் தோன்றுகிறது. லாஃப்ரி ஓடைக்கரையில் காலைப்பனி, தீப்பற்ற வைக்கும் நார்ச்சுருளை நமத்துப்போக வைத்துவிடும். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, கருக்கிய துணியில் பொறி விழுந்ததும் சுருளுக்குள் பொதிந்து மெல்ல ஊது. கைக்கோடரி எறிவதற்கு, ஏறக்குறைய ஐந்து தப்படியில் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் என்று கணக்கு வை. பிடியின் நீளத்துக்கேற்ப இது சற்று மாறும்.

சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும். மருந்தின் கசடு ஈரத்தை இழுத்துச் சீக்கிரமே துருவேற்றும். கருமருந்தை விமானத்தில் எடுத்துவரக் கூடாது, ஆகையால் அதை இங்கேயே வாங்கி வைக்கிறேன். நீ துப்பாக்கியையும், பழைய பாணியில் தைத்த பருத்திச் சட்டையையும் மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா