எல்லாரையும் 'சைனீஸ்'னு கூப்பிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

நம்ம ஊர் பார்லர்லயும் ஹோட்டல்லயும் வேலை பாக்குற மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து பசங்கள பாத்தா உடனே சைனீஸ், நேபாளின்னு கூப்பிடுறாங்க, கேக்கவே வேதனையா இருக்குங்க. நாகாலாந்துல மட்டுமே பத்துக்கும் மேல பழங்குடிகள், தனித்தனி பாஷை, அதுலயும் ஆளுக்கு ஆள் வேற வேற. 2014ல டெல்லி லாஜ்பத் நகர்ல அருணாச்சல் மாணவர் ஒருத்தரோட முடிய கிண்டல் பண்ணதுல ஆரம்பிச்ச தகராறுல அவர அடிச்சு, மறுநாள் இறந்தே போயிட்டார், அப்புறம்தான் மத்திய அரசு, வெளியூர்ல இருக்குற வடகிழக்கு மக்களோட பிரச்சனைய ஆராய பெஸ்பரூவா கமிட்டி போட்டுச்சு. 2020ல இவங்கள கொரோனான்னு கூப்பிட்டு மூஞ்சில துப்புனவங்களும் இருந்தாங்க. நம்மள மதராசின்னு ஒரே மூட்டையா கட்டுனா எவ்ளோ கோவம் வருது! உங்க பேப்பர்லயாவது 'வடகிழக்கு இளைஞர்'னு மொத்தமா போடாம, எந்த ஊரு, என்ன படிச்சாங்க, என்ன ஆசைன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க சார்.

ஒரு வாசகர், சென்னை