ஷாப்லியிலிருந்து அப்பாவுக்கு

ஷாப்லி, பிரான்ஸ்,
ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதையெல்லாம் போனில் அவசரமாகச் சொல்ல மனசில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று ராத்திரி தூங்கவில்லை. உறைபனி. இந்த ஒயின் ஊரில் ஏப்ரலில்தான் திராட்சைக் கொடி துளிர்க்கும். துளிர்த்த பிறகு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் மொட்டு கருகிவிடும். மே பாதி வரை இந்தப் பயம் போகாது. 2016-லும் 2021-லும் நிறைய பேருக்குப் பாதி விளைச்சல்கூட மிஞ்சவில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். இப்போது மார்ச்சிலேயே வெயில் ஏறிவிடுவதால் கொடி முந்தித் துளிர்த்து, பனியில் மாட்டிக்கொள்கிறது.

காப்பாற்றும் விதத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். குளிரில் கொடிமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்! தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை விடுமாம். அந்த வெப்பத்தில் மொட்டு பூஜ்யத்தை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் தெளிப்பதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் மொட்டு போச்சு. மோட்டார் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க வரப்பில் உட்கார்ந்திருப்பீர்களே, அதே காவல்தான். விடிந்ததும் பார்த்தேன்: ஒவ்வொரு மொட்டும் கண்ணாடிக்குள் வைத்த பச்சை நெல்மணி மாதிரி. தண்ணீர் வசதி இல்லாத சரிவுகளில் வாளி வாளியாக மெழுகைக் கொளுத்தி வைக்கிறார்கள், ஒரு ஹெக்டேருக்கு 300, 400 வாளி வரை. விலையை நினைத்தால் வயிறு எரியும்.

இங்கே பந்தல் கிடையாது. இடுப்பளவு கம்பியில் வரிசை வரிசையாகக் கொடி. ஷார்தொனே என்ற ஒரே ரகம், வருஷத்துக்கு ஒரே அறுவடை. நான் கவாத்து செய்வதைப் பார்த்து முதலாளி, "யாரிடம் பழகினாய்?" என்று கேட்டார். "அப்பாவிடம், எங்கள் கம்பம் ஊரில்" என்றேன். நம் பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்களே, அதையும் 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபட நாளாயிற்று. நம்மிடம் பழம் புளித்தால் வியாபாரி கூடையைத் தொடக்கூட மாட்டார். இவர்களோ அந்தப் புளிப்பைத்தான் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். வெயில் கூடின வருஷத்தில் புளிப்பு இறங்கிவிடும் என்று ஆகஸ்டிலேயே பறித்துவிடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை முழுக்க நொதித்துப் போவதால் ஒயினில் இனிப்பே இருக்காது. பெரும்பாலும் எஃகுத் தொட்டியில்தான் வைக்கிறார்கள், மர வாசனை ஏறக் கூடாதாம். வெளிறிய தங்க நிறம், ஓரத்தில் லேசான பச்சை. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல் கூசும், பின்னாலேயே நனைந்த சுண்ணாம்புக்கல் வாசனை வரும். அம்மா கவலைப்பட வேண்டாம், வேலையில் நாங்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம்.

அந்தக் கல் வாசனை மண்ணிலிருந்து வருகிறது என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அது உண்மையோ இல்லையோ, மண்ணைப் பார்த்தால் நானும் நம்பத்தான் செய்கிறேன். சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னால் இது கடலாம். மண்வெட்டி போட்டால் நகத்தளவு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. செரேன் ஆற்றின் வலது கரையில் தென்மேற்கு பார்த்த ஒரே சரிவில் சுமார் 100 ஹெக்டேர்தான் ‘கிராண்ட் க்ரூ’, அதாவது இங்கே ஆக உயர்ந்த தர நிலம். ஏழு துண்டு நிலம், ஏழுக்கும் தனித்தனிப் பெயர். ‘மேட்டுக்காடு’, ‘கிணத்தடி வயல்’ என்று நாம் சொல்கிற மாதிரி, ஆனால் அந்தப் பெயரைப் புட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்கள். நம் கீழத்தோட்டத்துப் பழம் நம் பெயரோடு சந்தைக்குப் போனதே இல்லையே என்று அன்றைக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

சிப்பிக்கல் ஒன்றைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கீழத்தோட்டத்தில் அடுத்த கவாத்து எப்போது என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். மழைக்கு முன் கொடிக்குச் செவட்டை நோய் மருந்து அடித்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்