கணினி அறையில் விளையாட்டுகளுக்கும் இடம் தாருங்கள்: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு திறந்த மடல்

சனசமூக நிலையத்தின் தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிலையத்துக்குப் புதிதாக வந்த கணினிகளில் விளையாட்டு எதையும் ஏற்றக்கூடாது என்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயமே அதற்குக் காரணம் என்று அறிந்தேன். அந்தப் பயத்தை மதிக்கிறேன். ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் விளையாடி இரவிரவாக விழித்திருந்துவிட்டு வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். அம்மாவின் கைத்தொலைபேசிக்குப் போட்ட காசு விளையாட்டுக்குள் வைரமாக மாறித் துப்பாக்கிக்கு நிறம் பூசப் போய்விடுவதும் தெரியும். அவற்றுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் உங்கள் தீர்மானம் எல்லா விளையாட்டுகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் நெருக்கமான சில விளையாட்டுகளும் அந்தச் சாக்குக்குள் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து உங்கள் முன்னால் வைக்கவே இதை எழுதுகிறேன்.

'திஸ் வார் ஒவ் மைன்' என்ற விளையாட்டைப் போலந்தின் வார்சோ நகரத்தில் உள்ள லெவன் பிட் ஸ்டூடியோஸ் நிறுவனம் 2014 இல் வெளியிட்டது. பொஸ்னியாவின் தலைநகரான சராயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்ததுதான் அதன் அடிப்படை. போரைப் பற்றிய விளையாட்டுத்தான். ஆனால் விளையாடுபவர் ஆயுதம் தூக்கிய தரப்பு எதிலும் இல்லை. குண்டு விழுந்து பாதி இடிந்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் சாதாரண சனம் அவர். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, குறிபார்த்துச் சுடுவார்கள். வீட்டுக்குள் இருந்தபடி அடுப்புச் செய்ய வேண்டும், மழைத்தண்ணீரைப் பிடித்து வடிகட்ட வேண்டும், யாருக்கு இன்று சாப்பாடு, யார் நாளைவரை பொறுக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். இருட்டிய பிறகு ஒருவரைத் தேடி எடுத்துவர அனுப்ப வேண்டும். அவர் விடியும்போது திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

அதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு வானொலிப்பெட்டி ஒன்றும் செய்யலாம். அதைச் செய்து முடித்து, செய்தி வாசிக்கும் குரல் முதன்முதலாகக் கேட்டபோது என் கை தானாக நின்றுவிட்டது. போரின்போது இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரி வராது என்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் அப்பா செய்தி கேட்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரல் அமுங்கிவிடும். அப்பா எதுவும் சொல்லமாட்டார், விரலை மட்டும் உயர்த்துவார்; நான் மறுபடியும் வேகமாகச் சுற்றுவேன். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அவருடைய விரல் மட்டும்தான் தெரியும். வார்சோவில் இருந்து விளையாட்டுச் செய்தவர்களுக்கு எங்கள் சைக்கிளைத் தெரிந்திருக்க நியாயமில்லை. முற்றுகைக்குள் அகப்பட்ட சனத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு குரல் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள். அவர்களிடம் உணவும் மருந்தும் உண்டு. நீங்கள் எடுத்தால் அவர்களால் தடுக்க முடியாது, மன்றாட மட்டுமே முடியும். எடுத்துக்கொண்டு வந்தால் உங்கள் வீட்டிலுள்ளவர்கள் மனமுடைந்து போகிறார்கள். சிலர் வேலை செய்ய மறுத்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உயிரோடு மிஞ்சுவதற்குக் கொடுக்கும் விலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன விளையாட்டை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இதை என் அம்மா ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார். விறகை இப்போதே எரிக்காதே, இருப்பதை எல்லாம் ஒரே நாளில் சமைக்காதே, பலமானவனை வீட்டில் காவலுக்கு விட்டுவிட்டு ஓடத் தெரிந்தவனை அனுப்பு என்று. பிறகு திரையை விட்டு எங்கள் கதைக்கு வந்துவிட்டார். இடம்பெயரும்போது தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டியது, அதை எந்த இடத்தில் எதற்குக் கொடுத்து அரிசி வாங்கினார் என்பது, அந்த அரிசியில் யார் யாருக்குக் கஞ்சி காய்ச்சினார் என்பது. இத்தனை வருடங்களில் அவர் வாய் திறந்து சொல்லாத கதை அது. நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றியிருக்கிறார். 2009 இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதில் நிற்கிறார்கள். அவர்களுடைய வீடுகளிலும் இப்படிச் சொல்லப்படாமல் கிடப்பது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

2020 இல் இந்த விளையாட்டை உயர்தர மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு அறிவித்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ற வரம்போடுதான். அந்த வரம்பு இங்கும் வேண்டும் என்பதே என் கருத்து. காயம் ஆறாத சிலர் இதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. அவர்களை யாரும் வற்புறுத்தக்கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு 'ஸ்டார்டியூ வேலி' இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒருவர் படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 இல் வெளியிட்டார். தாத்தா விட்டுச் சென்ற காணிக்கு ஒருவர் திரும்பி வருகிறார். காணி முழுக்கப் பற்றை, கல், அடிக்கட்டை. வெட்டித் துப்புரவாக்கி, கொத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு பருவமும் 28 நாள்கள். பருவம் மாறினால் அதற்குரியதல்லாத பயிர் ஒரே இரவில் கருகிவிடும். காலபோகத்துக்குப் பிந்தி விதைத்தவரின் கவலை என்ன என்று அறிந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

நான் அதை முதலில் விளையாடியபோது செய்தது கொத்துவது மட்டும்தான். மூலைக்கு மூலை கொத்தினேன். மீள்குடியேற்றத்தின்போது எங்கள் காணியைச் சுற்றிச் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு 'மிதிவெடி' என்று எழுதியிருந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழந்தாளில் இருந்து மண்ணைச் சாண் சாணாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். கிணற்றடி மட்டும் முதலில் கிடைத்தது, பின்வளவு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. கிடைத்த பிறகும் மண்வெட்டியை ஓங்கும்போது அப்பாவின் கை ஒரு கணம் நிற்கும். எங்கே வேண்டுமானாலும் மண்வெட்டியை ஓங்கலாம் என்ற ஒரு நிலத்தை நான் முதன்முதலாகக் கண்டது அந்த விளையாட்டில். அதனால்தான் அதை இன்றும் விளையாடுகிறேன்.

'பேப்பர்ஸ், பிளீஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. லூகாஸ் போப் 2013 இல் வெளியிட்டது. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பார்க்கும் அலுவலர் நீங்கள். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து முடித்தீர்களோ அதற்குத்தான் சம்பளம். வீட்டில் வாடகையும் சாப்பாடும் காத்திருக்கும். ஒரு கணவனின் பத்திரங்கள் சரியாக இருக்கும், பின்னால் வரும் மனைவியிடம் ஒரு அனுமதிப் பத்திரம் இல்லாமல் இருக்கும். போர்க்காலத்தில் ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் பொதியை அவிழ்த்து வைத்து வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இடம் புதிதல்ல. மேசைக்கு மறுபக்கம் இருந்து அதைப் பார்ப்பதுதான் புதிது. முத்திரையை எந்தப் பக்கம் குத்துவது என்று அன்று நெடுநேரம் யோசித்தேன்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு கணினியை மட்டும் சனிக்கிழமை பின்னேரங்களில் இதற்கு ஒதுக்குங்கள். எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று நீங்களே பட்டியலிடுங்கள். இணைய இணைப்புத் தேவையில்லாதவற்றை மட்டும் ஏற்றினால், காசு பறிபோகும் என்ற பயமும் இல்லை. ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன். விளையாட்டுகளை வாங்கும் செலவும் என்னுடையது.

அடுத்த கூட்டத்துக்கு என் மடிக்கணினியைக் கொண்டு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் இருந்து நீங்களே விளையாடிப் பாருங்கள். அதன் பிறகு தீர்மானத்தை மறுபடியும் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
நிலையத்தின் அங்கத்தவன் ஒருவன்